துளைக்கேற்ற முளை: பழைய கிட்டாரில் பிரிட்ஜ் பின் மாற்றும் முறை

பழைய கிட்டார் ஒன்றின் ஆறாவது கம்பியைச் சுருதிக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம். பின் தெறித்துப்போய் அறை மூலையில் விழுகிறது. தேடி எடுத்துப் பார்த்தால், தலை மழுங்கியிருக்கிறது. உடம்பில் கம்பி அழுத்திய தடம் பள்ளமாக இறங்கியிருக்கிறது. உடனே மனம் கடைக்குத்தான் ஓடும். புதிதாக ஆறு பின் வாங்கி அழுத்திச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். பல நல்ல கிட்டார்களுக்கு வினை பிடிப்பது இந்த நிமிடத்தில்தான். தெறித்தது பின் என்றாலும், கோளாறு பெரும்பாலும் அது உட்காரும் துளையிலும், துளைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் பலகையிலும் இருக்கிறது.

வீணையையோ வயலினையோ கையாண்டவர்களுக்குப் பிருடை நன்றாகத் தெரியும். அது துளையை இறுகப் பற்றிக்கொண்டு, அந்தப் பிடிமானத்தாலேயே கம்பியின் இழுப்பைத் தாங்குகிறது. கிட்டாரின் பிரிட்ஜ் பின்னும் நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதால், அதையும் அதே மாதிரி இறுக்க வேண்டும் என்று கை தானாக நினைத்துக்கொள்கிறது. உண்மையில் இரண்டின் வேலையும் வேறு. 12-53 அளவுள்ள லைட் செட் கம்பிகள் ஆறும் சேர்ந்து, வழக்கமான சுருதியில், ஏறக்குறைய 73 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. இந்த இழுப்பை ஆறு பின்கள் தாங்குவதில்லை. கம்பியின் நுனியில் சுமார் 4 மி.மீ. அகலத்தில் ஒரு பித்தளைக் குண்டு இருக்கிறதே, அது கிட்டாரின் மேல்பலகைக்கு உட்புறம் ஒட்டப்பட்டுள்ள பிரிட்ஜ் பிளேட்டில் போய் மாட்டிக்கொள்கிறது. அந்தப் பலகைதான் இழுப்பை வாங்குகிறது. குண்டு வந்த வழியே திரும்பிப் போகாமல் பக்கத்தில் நின்று தடுப்பது மட்டுமே பின்னின் வேலை. சரியாகப் பொருந்திய பின்னை, கம்பி முழுச் சுருதியில் இருக்கும்போதே விரல்களால் பிடித்துச் சற்றுச் சிரமப்பட்டு மேலே இழுத்துவிட முடியும். அசையவே மறுக்கும் பின்னைப் பார்த்து 'கெட்டியாக இருக்கிறது' என்று மகிழ வேண்டியதில்லை.

அப்படி இறுக்குவதன் விளைவு மெதுவாக வரும். பிரிட்ஜில் ஆறு துளைகளும் ஒரே வரிசையில் இருக்கின்றன. மரத்தின் நார்ப்போக்கும் அதே திசையில் ஓடுகிறது. இரண்டு தபால்தலைகளுக்கு நடுவே துளை வரிசை எதற்கு இருக்கிறதோ, அதே அமைப்பு இது. ஒவ்வொரு துளையிலும் ஓர் ஆப்பை அடித்து வைத்தால், பத்துப் பதினைந்து வருடத்தில் துளைக்குத் துளை மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடிவிடும். பழைய கிட்டார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய விரிசல்களில் இதுவும் ஒன்று.

இந்த அமைப்பு எஃகுக் கம்பிக்காகப் பிறந்ததே அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் யோஹான் கியோர்க் ஸ்டாஃபர் செய்த கிட்டார்களில் ஆட்டுக்குடல் நரம்புகளைத்தான் முளை வைத்து மாட்டினார்கள். நரம்பின் நுனியில் ஒரு முடிச்சு. முடிச்சு உள்ளே, முளை மேலே. ஸ்டாஃபரிடம் தொழில் பழகிய கிறிஸ்டியன் ஃபிரடெரிக் மார்ட்டின், சாக்சனியிலிருந்து கப்பலேறி 1833-இல் நியூயார்க்கில் கடை திறந்தார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடிபோனார். முளை வைக்கும் பழக்கமும் அவரோடு சேர்ந்து போயிற்று. 1920-களில் மார்ட்டின் கிட்டார்களில் எஃகுக் கம்பி வழக்கமானபோது, மென்மையான முடிச்சு இருந்த இடத்துக்குப் பித்தளைக் குண்டு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பிரிட்ஜ் பிளேட் அரைபட்டுக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மார்ட்டின் ஒன்றின் பின்னைக் கழற்றினால் ஒரு வித்தியாசம் கண்ணில் படும். பின்னின் உடம்பில் பள்ளமே இருக்காது. உருண்டையாக, முழுசாக இருக்கும். பள்ளம் துளையில் இருக்கும். கம்பி ஏறிப் படியும் சேடில் இருக்கும் பக்கம், துளையின் விளிம்பில், கம்பியின் தடிமனுக்கு ஏற்ப வாய்க்கால் போல் அறுத்திருப்பார்கள். கம்பி அந்த வாய்க்காலில் படுத்துக்கொள்ள, முழுப் பின் அதை முன்னோக்கித் தள்ளிப் பிடிக்கும். குண்டுக்கு மேலே முழு மரம் கிடைக்கும். பிற்காலத்தில் தொழிற்சாலை வேகத்துக்குத் தோதாக, துளையை வெறும் வட்டமாக விட்டுவிட்டுப் பள்ளத்தைப் பின்னுக்கு மாற்றினார்கள். இது தெரியாமல், வாய்க்கால் வெட்டிய பழைய பிரிட்ஜில் பள்ளமுள்ள புதுப் பின்னை வைத்தால், பள்ளமும் வாய்க்காலும் எதிரெதிரே வந்து பெரிய பொந்தாகிவிடும். குண்டு நழுவி மேலேறும். அப்படிப்பட்ட பிரிட்ஜுக்குப் பள்ளமில்லாத பின்தான் வேண்டும். பள்ளமுள்ளது மட்டுமே கைவசம் இருந்தால், பள்ளத்தைப் பின்பக்கம் திருப்பி வைத்து, முழு முதுகு கம்பியைப் பார்க்கும்படி செருகலாம்.

ஆகவே கடைக்குப் போகும் முன் கிட்டாரின் வயிற்றுக்குள் பார்த்தாக வேண்டும். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கைப்பிடி வைத்த சிறு கண்ணாடியும், சூடேறாத சின்ன எல்இடி விளக்கும் போதும். கம்பிகள் மாட்டியிருக்கும்போதே ஒலித்துளை வழியாகக் கண்ணாடியை விட்டு மேலே பார்த்தால், ஆறு குண்டுகளும் வரிசையாகத் தெரியும். அவை பலகையின் பரப்பில், பின்னை ஒட்டி, ஒரே மட்டத்தில் இருந்தால் நல்லது. ஒன்று பின்னின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தால், தெறிக்கப்போவது அதுதான். ஒன்று பலகைக்குள் பாதி புதைந்திருந்தால், பலகை தேய்ந்துவிட்டது. இதற்கு வெளியிலும் ஓர் அடையாளம் உண்டு. கம்பியின் குண்டை ஒட்டித் தடிமனாக ஒரு முறுக்கு இருக்கும். அது பிரிட்ஜுக்குள்ளேயே மறைந்திருக்க வேண்டும். அந்த முறுக்கு வெளியே வந்து சேடில் மேல் ஏறி நின்றால், குண்டு அந்த அளவுக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை விலை கொடுத்துப் பின் வாங்கினாலும் இந்தக் கிட்டாருக்குப் பயனில்லை.

கண்ணாடியில் தெரியும் பலகை, கிட்டாரின் காலத்தையும் சொல்லும். மார்ட்டின் 1968 வரை சிறிய மேப்பிள் பலகை போட்டது. அதன்பின் அகலமான ரோஸ்வுட் பலகைக்கு மாறி, 1980-களின் இறுதியில் மறுபடி சிறிய மேப்பிளுக்கே திரும்பியது. கழுத்துக் கட்டையில் குத்தியிருக்கும் வரிசை எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம். 1898-இல் 8000-இல் தொடங்கிய அந்த எண்ணை வைத்து மார்ட்டின் கிட்டார் எந்த வருடத்தது என்று கண்டுபிடித்துவிட முடியும். 1968-க்கு முந்தைய சிறிய மேப்பிள் பலகை தேய்ந்திருக்கிறது என்பதற்காக அதைப் பெயர்த்தெடுப்பது பெரும் பிழை. தேய்ந்த இடத்தை மட்டும் வட்டமாகச் சீவி, அதே மரத்தில் சின்ன வில்லை வைத்து ஒட்டி, மறுபடி துளையிடும் முறை இருக்கிறது. கிட்டார் பழுதுநீக்கம் பற்றி எழுதிக் குவித்த டான் எர்லவைன் போன்றவர்கள் பரப்பிய முறை இது. இதற்கென்றே தனிக் கருவியும் விற்கிறது. தேய்மானம் லேசாக இருந்தால் மேப்பிள் தூளும் சூப்பர் குளூவுமே போதும். இந்த இரண்டும் பழகிய கை செய்ய வேண்டிய வேலை; முதல்முறை செய்பவர் நல்ல கிட்டாரில் பரீட்சை பார்க்கக் கூடாது.

பலகை நன்றாக இருக்கிறது என்றால், பின்களைக் கழற்றலாம்.

முதலில் எல்லாக் கம்பிகளையும் தளரவிட வேண்டும், தொளதொளவென்று. பிறகு ஒவ்வொரு கம்பியையும் பிரிட்ஜுக்குள் ஒரு சென்டிமீட்டர் கீழே தள்ள வேண்டும். மாட்டியிருந்த குண்டு இதில் விடுபட்டு இறங்கிவிடும். பத்துக்கு எட்டுப் பின்கள் அதன்பின் விரலுக்கே வந்துவிடும். வராதவற்றுக்குக் கம்பி சுற்றும் கைப்பிடியில் இருக்கும் காடியைப் பயன்படுத்தலாம்; ஆனால் அதன் விளிம்பு பிரிட்ஜில் ஊன்றித் தழும்பு போடாமல் அடியில் ஓர் அட்டைத் துண்டு வைக்க வேண்டும். அப்போதும் மசியாவிட்டால், ஒலித்துளைக்குள் கையை விட்டு, பின்னின் நுனியில் ஒரு நாணயத்தை வைத்து உள்ளிருந்து மேல்நோக்கி அழுத்த வேண்டும். குறடு மட்டும் வேண்டவே வேண்டாம். எண்பது வருடப் பின்னின் தலை ஒரே நெருக்கில் பொடியாகும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் மரமும் எலும்பும் ஊதிப் பின்கள் சிக்கிக்கொள்வது சகஜம்; அந்த நிலையில் கிட்டாரை ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும் அறையில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்தால், சிக்கியது தானே தளர வாய்ப்புண்டு. சூடு காட்டக் கூடாது. பழைய பின்கள் பல செல்லுலாய்டில் செய்தவை; அது சட்டென்று தீப்பற்றும் பொருள்.

கழற்றிய பின்களை மேசையில் குவித்துப் போடாமல், ஓர் அட்டையில் ஆறு ஓட்டை போட்டு, 1 முதல் 6 வரை எண்ணிட்டு, அந்தந்த ஓட்டையில் செருகி வைக்க வேண்டும். ஒவ்வொரு துளையும் காலப்போக்கில் தனித்தனி அளவுக்கு வந்திருக்கும். மூன்றாம் துளையின் பின் ஐந்தாம் துளையில் சரியாக உட்காராது.

இப்போது அளவு. பின்னில் பார்க்க வேண்டியவை இரண்டு: தலைக்குக் கீழே கழுத்தின் விட்டம், அங்கிருந்து நுனிவரை சிறுக்கும் வேகம். விட்டம் எல்லோரும் பார்ப்பது. சிறுக்கும் வேகத்தை விட்டுவிடுகிறார்கள். சந்தையில் பரவலாக இருப்பவை 3 பாகைச் சரிவும் 5 பாகைச் சரிவும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் கண்டுபிடிப்பது எளிது: 10 மி.மீ. நீளத்துக்குள் விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர் குறைந்தால் 3 பாகை, 0.9 மி.மீ. அளவுக்குக் குறைந்தால் 5 பாகை. பழைய மார்ட்டின்கள் பெரும்பாலும் 5 பாகைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐந்து பாகைத் துளையில் மூன்று பாகைப் பின்னை வைத்தால், அடியில் பிடித்துக்கொண்டு மேலே ஆடும். மூன்று பாகைத் துளையில் ஐந்து பாகைப் பின் மேலே கவ்விக்கொண்டு அடியில் ஆடும். வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமாகவே தெரியும், கம்பி மட்டும் நழுவிக்கொண்டே இருக்கும்.

பின் துளையில் எங்கே தொடுகிறது என்று பார்க்க, பின்னின் உடம்பு முழுக்கப் பென்சிலால் தேய்த்துக் கரியாக்கி, துளையில் வைத்து லேசாக ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பார்ப்பது பழைய தச்சுமுறை. தொட்ட இடம் மினுங்கும். பிரிட்ஜின் உயரம் முழுக்க ஒரே சீராக மினுங்கினால் அந்தப் பின் அந்தத் துளைக்கென்றே பிறந்தது. மேலே மட்டும் ஒரு வளையமோ அடியில் மட்டும் ஒரு வளையமோ தெரிந்தால் சரிவு பொருந்தவில்லை. அந்த செட்டைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இங்கேதான் இந்த அத்தியாயம் அழுத்திச் சொல்ல வேண்டியது வருகிறது. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டக் கூடாது. புதுப் பின் சற்றுத் தடிப்பாக இருந்தால், தேய்க்க வேண்டியது பின்னை, துளையை அல்ல. 400 எண் உப்புத்தாளை விரல்களில் மடித்துப் பிடித்து, பின்னை நடுவில் வைத்துச் சுழற்றினால் ஒரு நிமிடத்தில் அளவுக்கு வந்துவிடும். பின் இன்னும் ஆயிரம் கிடைக்கும். நாசரேத்தில் 1937-இல் கருங்காலியில் செதுக்கிய பிரிட்ஜ் ஒன்றுதான். துளைக்குள் இருக்கும் மரத்தை ஒருமுறை எடுத்துவிட்டால், அந்தக் கிட்டாருக்கு மூலப் பின்கள் மறுபடி எந்நாளும் பொருந்தாது.

ரீமர் என்ற கூம்பு வடிவக் கருவிக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. துளைகள் ஏற்கெனவே கோணிப்போய் நீள்வட்டமாகியிருந்தால், அல்லது முன்பு யாரோ தப்பான சரிவில் குடைந்து வைத்திருந்தால், வேறு வழி கிடையாது. அப்போதும் பின்னின் சரிவுக்கு உரிய ரீமரையே எடுக்க வேண்டும். கையாலேயே திருக வேண்டும். ஒரு திருகுக்கு ஒரு முறை எடுத்துத் தூளைத் தட்டி, பின்னை வைத்துப் பார்க்க வேண்டும். தலையின் அடிவிளிம்பு பிரிட்ஜிலிருந்து ஒரு கடுகளவு உயரத்தில் நிற்கும்போது நிறுத்திவிடலாம். கம்பி மாட்டும்போது மிச்சத் தூரம் தானே இறங்கும். 1960-களின் முற்பாதியில் கிப்சன் சில மாடல்களுக்கு வார்ப்பு பிளாஸ்டிக்கில் பிரிட்ஜ் போட்டது. அவற்றில் ரீமர் படவே கூடாது.

அடுத்து, எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: எந்தப் பொருளில் வாங்குவது? விற்பவர்கள் சொல்வதைக் கேட்டால் பின் ஒன்றிலேயே கிட்டாரின் குரல் முழுவதும் அடங்கியிருப்பதுபோல் தோன்றும். நாதத்தில் வித்தியாசம் வருவது உண்மைதான். ஆனால் அது எடையின் வழியாக வருகிறது. கன சென்டிமீட்டருக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக் 1 கிராமுக்குச் சற்று மேல், கருங்காலி 1.1 முதல் 1.2 கிராம், எலும்பு 2 கிராமை ஒட்டி, பித்தளை 8.5 கிராம். பிரிட்ஜ் நிற்பது ஏறக்குறைய 3 மி.மீ. தடிமனுள்ள ஸ்புரூஸ் பலகையின் மேல். ஒவ்வொரு அசைவையும் அந்தப் பலகைதான் ஒலியாக்குகிறது. அதன் நடுவில் பாரம் ஏற்றினால் அசைவு மாறும். பிளாஸ்டிக்கிலிருந்து கருங்காலிக்குப் போனால் பெரும்பாலான காதுகளுக்கு எதுவும் தெரியாது. எலும்புக்குப் போனால், துளையும் பலகையும் ஒழுங்காக உள்ள கிட்டாரில் ஒரு தெளிவு கேட்கலாம். பித்தளை கம்பீரம் தரும் என்று சிலர் மாட்டுகிறார்கள்; போருக்கு முந்தைய, லேசாக இழைத்த கிட்டாரில் அது பாரம்தான். இப்படிப்பட்ட கருவிக்கு எலும்போ கருங்காலியோ போதும் என்பதே இந்த நூலின் தீர்ப்பு. ஒரு செட் மாற்றி நாதம் அடியோடு மாறிவிட்டது என்று யாராவது சொன்னால், கம்பியும் அன்றே புதிதாக மாட்டியிருப்பார்கள். அந்த மாற்றத்தில் பெரும்பங்கு கம்பிக்குச் சேரும்.

தந்தம் தனிக் கதை. 19-ஆம் நூற்றாண்டின் உயர்ரக மார்ட்டின்களில் தந்தப் பின்கள் இருந்தன. சிலவற்றில் பிரிட்ஜே தந்தம். வெள்ளையாக இருப்பதெல்லாம் தந்தமுமல்ல, எலும்புமல்ல. பின்னின் குறுக்கு வெட்டை பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பார்த்தால் தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். எலும்பில் ஊசி குத்தியது போன்ற கறுத்த புள்ளிகள் தெரியும். இரண்டும் இல்லாவிட்டால் செல்லுலாய்டோ, பாலின் கேசீன் புரதத்தைப் பதப்படுத்திச் செய்த காலலித்தோ ஆக இருக்கலாம். சுட்ட ஊசியைக் குத்திச் சோதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. செல்லுலாய்டு எரியும் என்பதை மறந்தவர்கள் செய்வது அது. தந்தமாகவே இருந்தாலும் மிஞ்சுவது ஒரு தழும்பு. ஆசிய யானை 1975 முதலும், ஆப்பிரிக்க யானை 1989-இல் எடுத்த முடிவின்படி 1990 முதலும் சர்வதேச வணிகத்துக்குத் தடை விதிக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு வந்துவிட்டன. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இன் திருத்தமும் ஆப்பிரிக்கத் தந்தம் உட்பட எல்லா வணிகத்தையும் அடைத்துவிட்டன. ஆகவே தந்தப் பின் தேடிப் போக வேண்டாம். தந்தப் பின்னுள்ள கிட்டாரோடு நாடு விட்டு நாடு போகிறவர்கள், 2013-இல் சைட்டிஸ் ஏற்பாடு செய்த இசைக்கருவிச் சான்றிதழைப் பற்றி உரிய அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பயணத்துக்கு மட்டும் எலும்புப் பின் மாட்டி, மூலத்தை வீட்டில் வைத்துப் போகிறவர்களும் உண்டு. பிரேசிலிய ரோஸ்வுட் 1992 முதல் அதே பட்டியலில் இருப்பதால், அந்த மரத்தாலான கிட்டாருக்கு அது மட்டும் போதாது.

பின் பொருந்திவிட்டது. கம்பி மாட்டும் விதத்தில் கோட்டை விட்டால் இத்தனையும் வீண். கம்பியின் குண்டை ஒட்டிய முனையை, ஒரு நெல்மணி நீளத்துக்கு லேசாக வளைத்துக்கொள்ள வேண்டும். அந்த வளைவு குண்டைப் பின்னின் நுனியிலிருந்து விலக்கிப் பலகையின் பக்கம் தள்ளும். குண்டைத் துளைக்குள் விட்டு, பின்னை மேலோட்டமாக மட்டும் வைத்து, ஒரு கையால் பின்னின் தலையைத் தொட்டுக்கொண்டே மறு கையால் கம்பியை மேலே இழுக்க வேண்டும். குண்டு பலகையில் போய் உட்காரும்போது 'டக்' என்று ஒரு சின்ன அதிர்வு விரலில் தெரியும். இழுக்க இழுக்கப் பின்னும் கூடவே ஏறினால் குண்டு நுனியில் நிற்கிறது, எடுத்துவிட்டு மறுபடி. அதிர்வு தெரிந்தபின் பின்னைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான். சுத்தியல், ஸ்பூன், உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி, எதுவும் தேவையில்லை. ஆறும் மாட்டி, சுருதிக்கு ஏற்றி, கண்ணாடியை மறுபடி உள்ளே விட்டு, ஆறு குண்டுகளும் ஒரே மட்டத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது.

மிச்சமிருப்பது அட்டையில் நிற்கும் பழைய ஆறு பின்கள். எரிக் கிளாப்டன் 1992-இல் எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சியில் வாசித்த 1939-ஆம் வருடத்து மார்ட்டின் 000-42, 2004 ஏலத்தில் 7,91,500 டாலருக்குப் போனது. அது பிரபலத்தின் விலை. ஆனால் பேர் தெரியாத வீட்டில் கிடக்கும் பழைய கிட்டாரையும், வாங்க வருகிறவர் எது மூலம், எது மாற்றியது என்று ஒவ்வொரு திருகாணியாகக் கேட்கத்தான் செய்வார். கழற்றிய தேதி, கழுத்து விட்டம், சரிவு, புதிதாக மாட்டியது என்ன என்ற நான்கு விவரங்களையும் ஒரு காகித உறையில் எழுதி, பின்களை எண் வரிசை மாறாமல் அதில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா கூடாது. பழைய செல்லுலாய்டு கெட்டுப்போகும்போது அமில ஆவி விடும், அது வெளியேற வழி வேண்டும். அதே காரணத்தால் கிட்டார் பெட்டியின் மூடிய அறைக்குள்ளும் வைக்க வேண்டாம். பிருடைகளின் நிக்கல் பூச்சு பச்சை பூக்கும். அலமாரியின் திறந்த தட்டு போதும், உறையின் மேல் கிட்டாரின் வரிசை எண்ணோடு.